தெரியாது அக்காவும் பூட்டுக்காரரும்

நகரப் போலீஸ் தலைமை அலுவலகத்தில் நிருபர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை முன்பு பார்த்தவருக்கு 'நடக்குது சார்' என்று பெயர். கொலையா, கொள்ளையா, பாலத்தில் லாரி கவிழ்ந்ததா, எதைக் கேட்டாலும் "விசாரணை நடக்குது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். ஓய்வுபெற்ற அன்று யாரோ, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டதற்கும் வாய் தவறி அதையே சொன்னார் என்பார்கள். அது எந்த அளவுக்கு உண்மையோ.

அவர் இடத்துக்கு வந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கு நிருபர்கள் வைத்த பெயர் 'தெரியாது அக்கா'. கேட்பவர்களுக்குக் கேலி மாதிரி இருக்கும். ஆனால் மரியாதைக்கு வைத்த பெயர்தான் அது.

பெயர் வந்த கதை இப்படி. ஒரு மத்தியான நேரம், ஊர் ஓரத்தில் இருந்த பெயின்ட் கிடங்கில் தீப்பிடித்துக் கொண்டது. கறுப்புப் புகை பாதி நகரத்தை மூடிவிட்டது. விஷவாயு கசிகிறது என்று ஒரு புரளி, பத்துப் பேர் செத்துவிட்டார்கள் என்று இன்னொரு புரளி. கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்துக்கொண்டிருந்த இவரைக் கூடுதல் ஆள் வேண்டுமென்று அங்கே அனுப்பியிருந்தார்கள். கேமராக்கள் வந்து இறங்கியதும் பெரிய அதிகாரிகள் எல்லோருக்கும் திடீரென்று வேறு பக்கம் வேலை வந்துவிட்டது. தடுப்புக் கயிறுக்குப் பக்கத்தில் தனியாக நின்ற இவர் முகத்துக்கு நேராக ஏழெட்டு மைக் நீண்டது.

"எத்தனை பேர் செத்துட்டாங்க மேடம்?"

"தெரியாது" என்றார் இவர்.

நிருபர்கள் ஒரு கணம் திகைத்துப் போனார்கள். போலீஸ் உடுப்புக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்து அவர்கள் கேட்டதே இல்லை.

"யாரும் செத்ததா இதுவரைக்கும் எனக்குத் தகவல் வரல. உள்ள போயிருக்கறவங்க வெளிய வந்ததும் கேட்டுட்டு, இதே எடத்துல வந்து சொல்றேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் இருக்கறவங்க ஜன்னலை மூடிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லுங்க. ஓட வேணாம். ஓடினா புகைக்குள்ளதான் ஓடுவாங்க."

சொன்னபடி அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். யாரும் சாகவில்லை, இருவருக்குக் கையில் தீக்காயம், புகை கண்ணை எரிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று தீயணைப்பு அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னார். மூட்டை முடிச்சோடு தெருவில் இறங்கியிருந்த ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கமிஷனர், மறுநாளே அவரைப் பத்திரிகைத் தொடர்புக்கு மாற்றினார்.

கொடுத்த அறையைப் பார்த்தபோதுதான் வேலையின் லட்சணம் புரிந்தது. வண்டிகள் கழுவும் இடத்தை ஒட்டிய கீழ்த்தள அறை. யாரும் கேட்டு வராத குடைகளும், சீட் இல்லாத சைக்கிள்களும், ஒற்றைச் செருப்புகளும் அதில் அடைந்து கிடந்தன. மின்விசிறி போட்டால் மாவு மில் ஓடுகிற சத்தம். போடாவிட்டால் கேமராக்காரர்களின் வியர்வை. அக்கா குடைகளை வேறு அறைக்குத் தள்ளினார், சுவரில் நீலத் துணி ஒன்றை இழுத்துக் கட்டினார், மின்விசிறிக்கு எண்ணெய் போட வைத்தார், மூலையில் ஒரு டீ பிளாஸ்கும் வைத்தார். தினம் காலையில் அங்கே வந்து நிற்பார். செய்தி இருந்தாலும் வருவார், இல்லாவிட்டாலும் வருவார். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். சொல்லக் கூடாததைக் கேட்டால், "அது தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். சொன்னா அந்தப் பொண்ணோட வீடு எதுன்னு தெரிஞ்சுடும்" என்று காரணத்தையும் சொல்வார். ஜீப்பைத் துரத்திக்கொண்டு ஓடிப் பழகிய நிருபர்களுக்கு இது சொர்க்கமாக இருந்தது. அவர்களில் மூத்தவர் ஒரு நாளிதழ்க்காரர். எந்தச் செய்தியைக் கேட்டாலும் "முதல் பக்கத்துக்குத் தாங்குமா?" என்று யோசிப்பதால் அவருக்கு 'முதல்பக்கம்' என்று பெயர்.

வீட்டில் அக்காவுக்கு இன்னொரு விமர்சகர் இருந்தார். மாமியார். அவர் மகன், அதாவது அக்காவின் கணவர், மாநகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர், பகலெல்லாம் தண்ணீரில் கிடப்பார். அதனால் மாமியாருக்குத் துணை தொலைக்காட்சிதான். மருமகள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"டிவியில ஏன்டி கழுத்தைக் கழுத்தைச் சொறியற? கொசுவா?"

"மைக் ஒயர் குத்துது அத்தை."

"அந்தத் தாடிக்காரன் கேட்ட கேள்விக்கு நீ பதிலே சொல்லல. நான் கவனிச்சேன்."

"அவர் கேட்டதே கேள்வி இல்ல அத்தை, பிரசங்கம்."

மாமியார் சிரித்துக்கொண்டே டீயை நீட்டுவார். சேனல்காரர்கள்கூட அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுக்குமாடி வீடுகளில் திருட்டு ஆரம்பிக்கும் வரை.

கதவு உடையாது, பூட்டு உடையாது. ஆள் இல்லாத வீட்டில் நகை மட்டும் காணாமல் போகும். ஊரே பயந்தது. "போலீஸ் தூங்குதா?" என்று ஒரு சேனல் தினமும் தலைப்புப் போட்டது. மேலிடத்திலிருந்து கமிஷனருக்குப் போன் மேல் போன். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் தேடிப் பிடித்த ஒரே ஒற்றுமை, திருட்டுப் போன வீடுகளில் பலவற்றுக்குப் பூட்டு மாட்டியவர் ஒரே ஆள் என்பது. சந்தை முக்கில் சின்னக் கடை வைத்திருந்த பூட்டுக்காரர். அழைத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டார்கள். அக்காவின் கையில் ஒரு தாள் வந்தது.

"இவர் ஒத்துக்கிட்டாரா சார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"ஒத்துக்குவான். நீங்க படிங்க. வெளிய எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

தாளின் கீழே கமிஷனரின் கையெழுத்து இருந்தது. அக்கா படித்தார். 'அடுக்குமாடிக் கொள்ளைக் கும்பலின் மூளையாகச் செயல்பட்டவர் கைது.' பெயர், கடை, தெரு எல்லாம் சொன்னார். பூட்டுக்காரரை நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கேமராக்கள் பளிச்சிட்டன. முதல்பக்கத்துக்கு அன்று சந்தேகமே எழவில்லை, நேராக முதல் பக்கம்.

வீட்டுக்குப் போனபோது மாமியார் டீயோடு வரவில்லை.

"இன்னைக்கு நீ பேசினது உன் பேச்சே இல்லையேடி. எவனோ எழுதிக் குடுத்ததை ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு."

"ஆமா அத்தை, எழுதிக் குடுத்ததுதான்."

"அந்த மனுஷன் மொகத்தைப் பாத்தியா? தலையைக்கூடக் குனிஞ்சுக்கத் தெரியல அவனுக்கு. எதுக்கு நிறுத்தியிருக்காங்கன்னே புரியாம முழிச்சுக்கிட்டிருந்தான்."

அக்கா தனக்கான டீயைத் தானே போட்டுக்கொள்ளப் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து ஊரில் வேறொருவன் கையும் களவுமாக மாட்டினான். வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் பழுது பார்ப்பவன். வீட்டுக்காரர்கள் அசந்த நேரத்தில் சாவியைச் சோப்புக்கட்டியில் அழுத்தி அச்செடுத்திருக்கிறான். அத்தனை திருட்டையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டான். நகைகளும் கிடைத்தன. பூட்டுக்காரருக்கும் அவனுக்கும் முகப் பழக்கம்கூட இல்லை. ஒரு சாயங்காலம் பூட்டுக்காரரைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கேமரா எதுவும் இல்லை.

மறுநாள் காலையிலேயே அக்கா கமிஷனர் அறைக்குப் போனார்.

"ரெண்டு வரி அறிக்கை குடுத்துடலாம்மா. 'விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார்'னு" என்றார் கமிஷனர். கெட்ட மனிதர் இல்லை அவர். களைத்துப் போயிருந்தார்.

"கைது பண்ணப்போ ரெண்டு வரியில நிறுத்தலையே சார். ஆளையே கொண்டுவந்து நிறுத்தினோம். நான்தான் படிச்சேன். நானே மன்னிப்புக் கேட்டுடறேன் சார், அனுமதி குடுங்க."

"மன்னிப்பா? சட்ட ஆலோசகர் அந்த வார்த்தையை வாயிலயே எடுக்கக் கூடாதுங்கறார். நாளைக்கு நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனா நம்ம வாக்குமூலம் ஆயிடுமாம். அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு."

"இருக்கு சார். ஆனா அடுத்த தடவை புகை வந்தா, 'பயப்படாதீங்க, ஓடாதீங்க'ன்னு நான்தான் சொல்லணும். இந்த வாயாலதான் சொல்லணும். அப்ப நம்பணுமே சார் ஜனங்க."

கமிஷனர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"நீங்க கேட்டா சரிப்படாது" என்றார் கடைசியில். "கையெழுத்து என்னோடது. கேட்டா நான்தான் கேக்கணும்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. சல்யூட் அடிக்கக்கூட மறந்து வெளியே வந்தார்.

அடுத்த நடை பூட்டுக்காரர் வீட்டுக்கு. உடுப்பில்லாமல் சாதாரணப் புடவையில் போனார். கதவைத் திறந்தது பூட்டுக்காரரின் மனைவி. ஓங்குதாங்கான உருவம், ஈரக் கை. யாரென்று பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

"டிவியில பேசின அம்மாதானே நீங்க? வாங்க வாங்க. இந்த மனுஷனையா கொள்ளைக் கும்பலோட மூளைன்னு சொன்னீங்க? வாரத்துக்கு ரெண்டு தரம் சொந்த வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டுத் திண்டாடற ஆளும்மா இது! நாலு பூட்டு மேல நாலு பூட்டு வச்சிருக்கோம், ஒண்ணுக்காவது சாவி இருக்கான்னு கேளுங்க!"

உள்ளேயிருந்து பூட்டுக்காரர் சன்னமாக, "ரெண்டுக்கு இருக்கு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க!" என்று உள்பக்கம் ஒரு அதட்டல். பிறகு குரல் இறங்கியது. "கடைக்கு ஒரு ஆள் வரல. பால்காரர்கூடப் பணத்தை மொதல்லயே கேக்கறார். எங்க பொண்ணு காலேஜுக்குப் போக மாட்டேங்கறா. இதுக்கெல்லாம் என்ன சொல்றீங்க?"

அக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு எங்களோடதும்மா. நான் படிச்சது தப்பு" என்றார். கமிஷனரே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறார், ஐயா வர வேண்டும் என்றார்.

பூட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். "வேணாம்மா" என்றார். "ஒரு தடவை டிவியில வந்ததே போதும். அந்த நீலத் துணிப் பக்கமே இனி வர மாட்டேன்."

மனைவி கையை முந்தானையில் துடைத்தார். "அவர் வர மாட்டார். நான் வரேன்" என்றார்.

இனி நிருபர்களை வரவழைக்க வேண்டும். அது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல்பக்கம் டீயை உறிஞ்சிக்கொண்டே உள்ளதைச் சொன்னார்:

"அக்கா, ஆளைப் புடிச்சா செய்தி. விட்டா என்ன செய்தி? உள் பக்கத்துல, மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குக் கீழ நாலு வரி வரும்."

"கமிஷனர் மன்னிப்புக் கேக்கப் போறார்."

முதல்பக்கத்துக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. கண்ணில் நீரோடு, "யார் கிட்ட?" என்றார். சாயங்காலத்துக்குள் நகரத்தில் மைக் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது.

பெரிய சிக்கல் கமிஷனரிடம்தான் இருந்தது. ஒத்திகைக்காக இருவரும் அந்தக் கீழ்த்தள அறைக்கு வந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக் கமிஷனர் தொண்டையைச் செருமினார்.

"வருந்தத்தக்க ஒரு சூழ்நிலை ஏற்பட்டுவிட்டது..."

"சூழ்நிலை ஒண்ணும் பண்ணல சார். நாமதான் பண்ணோம்."

"சரி. நம்மால் ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தம்..."

"கரன்ட் போனா மின்வாரியம் சொல்றது சார் அது."

"எங்கள் தரப்பில் நேர்ந்த பிழைக்கு..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் கமிஷனருக்கு இருமல் வந்துவிட்டது. மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் இருமல். "முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த வார்த்தையைச் சொன்னதே இல்லம்மா. நாக்கு பொரள மாட்டேங்குது" என்றார் பாவமாக.

"வீட்டுல மேடம் கிட்டகூடச் சொன்னதில்லையா சார்?"

"வீட்டுல வேற மாதிரி. காய் வாங்கிட்டு வந்து குடுத்துடுவேன், அவங்க புரிஞ்சுக்குவாங்க."

அக்கா சிரித்துவிட்டார். கமிஷனரும் சிரித்தார். கடைசி ஒத்திகையில் அந்தச் சொல் ஒரு வழியாக வந்துவிட்டது.

அன்று அறையில் நிற்க இடமில்லை. நீலத் துணியை அக்கா காலையிலேயே அவிழ்த்துவிட்டிருந்தார். வெறும் சுவர்தான். பூட்டுக்காரரின் மனைவி முன்வரிசை நடுவில், மடியில் கைப்பையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கமிஷனர் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். உண்மையான திருடன் பிடிபட்டதைச் சொன்னார். பூட்டுக்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்றார். பிறகு சுவரோரம் நின்றிருந்த சட்ட ஆலோசகரின் பக்கம் ஒரு முறை பார்த்தார். நாக்கு பழைய தடத்துக்கே போய்விட்டது.

"இதற்காக, எங்கள் தரப்பில்... வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பேனாக்கள் பாதியில் நின்றன. முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பூட்டுக்காரரின் மனைவி எழுந்து நின்றார்.

"சார், கடைசியா சொன்னது சரியாக் காதுல விழல."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே காதில் விழாதவர் கேட்கிற மாதிரி, கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். கமிஷனர் அவரைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். "தப்புப் பண்ணிட்டோம். வீட்டுல அவர் கிட்டயும் நான் கேட்டேன்னு சொல்லுங்க."

இருமல் வரவில்லை.

அந்தம்மா "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். அது கிடைக்காததால் முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிருபர்களில் இரண்டு பேருக்குக்கூடக் கைக்குட்டை தேவைப்பட்டது என்று முதல்பக்கம் பிறகு எழுதினார். அவரும் அதில் ஒருவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் 'மன்னிச்சுக்குங்கம்மா, தப்புப் பண்ணிட்டோம்' என்ற மூன்று சொற்கள்தான் தலைப்பு. போலீஸ் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சில அதிகாரிகள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் மாதக்கணக்கில் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் போன்கள் கூடின. "இது சின்ன விஷயம்தான், ஆனா சொல்லலாம்னு தோணுச்சு" என்று தகவல் சொல்ல ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். பூட்டுக்காரர் கடைக்கு வேலை குவிந்துவிட்டது. பூட்டு நன்றாக இருப்பவர்கள்கூட ஒரு சாக்குச் சொல்லி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி கல்லாவில் உட்கார்ந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். மகள் காலேஜுக்குத் திரும்பினாள். நஷ்டஈடும் கேட்டார்கள், சட்ட ஆலோசகர் சொன்னது பொய்யில்லை. கோர்ட் வாசலுக்குப் போகாமலே பேசி முடித்துக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு ஒரு புது ஏற்பாடு வந்தது. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும் வரை பிடிபட்டவரின் பெயரும் முகமும் வெளியே கிடையாது. நிருபர்கள் கொதித்துப் போனார்கள். "படம் இல்லாம டிவியில எதைக் காட்டறது அக்கா? உங்க பிளாஸ்கையா?" என்றார் தாடிக்காரர். ஒரு நாள் எல்லோருமாகச் சேர்ந்து வராமல் இருந்துவிட்டார்கள். அக்கா வழக்கம்போல வந்து, காலி நாற்காலிகளுக்கு முன் நின்று, அலுவலகக் கேமராவைப் பார்த்து அன்றைய தகவல்களைச் சொல்லிவிட்டுப் போனார். அவற்றில் ஒன்று, நகரத்தின் பெரிய பாலம் பழுது பார்க்க மறுநாள் முதல் மூடப்படுகிறது என்பது. வராத நிருபர்கள் மறுநாள் காலை அந்தப் பாலத்துக்கு முன்னால் வரிசையாக மாட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த நாள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சண்டை முழுதாகத் தீரவில்லை. ஆனால் டீ குடித்துக்கொண்டே போடுகிற சண்டையாக மாறிவிட்டது.

அடுத்த வருடம் கமிஷனருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவுக்கு அழைப்பில்லாமலே நிருபர்கள் வந்தார்கள். போலீஸ் அதிகாரிக்குப் பத்திரிகைக்காரர்கள் மாலை போட்டதை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது. போகும்முன் கமிஷனர், புதிதாக வந்த கமிஷனரிடம் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். அக்காவிடம் வந்ததும் நின்றார்.

"இவங்க உங்க ரூமுக்கு வந்தா மொதல்ல உக்காரச் சொல்லிடுங்க. நின்னுக்கிட்டே பேசினா சுருக்கமாப் பேசிடுவாங்க. அது இன்னும் வலிக்கும்."

புதியவர் கொஞ்சம் மிரண்டுபோய்ப் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. ஏதாவது இருக்கா?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அக்கா சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.